விளக்கும் கணக்கும்

எங்கள் ஊர்ச் சிவன்கோயிலின் வெளிமண்டபத்தில், அந்தி சாய்ந்ததும் முப்பது நாற்பது சிறுவர் சிறுமியர் வந்து அமர்வர். சிலருடைய வீட்டில் ஓர் அறையே உண்டு. அவ்வோர் அறையிலேயே சமையல் நடைபெறும், தையற்பொறி ஓடும், தொலைக்காட்சி ஓயாது பேசும். அங்கே அமர்ந்து படிப்பது எங்ஙனம்? கோயில் மண்டபத்திலோ நல்ல காற்று உண்டு, குழல்விளக்குகள் உண்டு, தலைக்குமேல் மின்விசிறிகள் சுழலும். அவர்கள் எட்டரை மணிவரை படிப்பர். பள்ளியறை வழிபாட்டின் மணியொலி கேட்டதும் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வீடு திரும்புவர். தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற நான் அவர்களுள் சிலர்க்கு இலக்கணம் சொல்லிக்கொடுப்பது வழக்கம்.

2019ஆம் ஆண்டில் ஒரு நாள் கோயிற்குழுவினர் கூடினர். நானும் அக்குழுவில் ஓர் உறுப்பினன். மின்கட்டணச் சீட்டை நடுவில் வைத்துக்கொண்டு அனைவரும் கவலையுற்றிருந்தனர். திங்கள்தோறும் ஏறத்தாழ 1,200 யூனிட் செலவாகிறது. உண்டியலில் விழும் காசில் ஒரு பெரும்பகுதி அதற்கே போய்விடுகிறது. அன்னதானத்திற்கு அரிசி வாங்குவதும் இடர்ப்பாடாக உள்ளது என்றார் கணக்கர். “வெளிமண்டபத்து விளக்குகளை ஆறரை மணிக்கே அணைத்துவிட்டால் என்ன?” என்று ஒருவர் வினவினார். எவரும் மறுக்கவில்லை. எனக்கு மட்டும் அம்மண்டபத்தில் அமர்ந்து படிக்கும் பிள்ளைகளின் முகங்கள் கண்முன் நின்றன. ஆயினும், கையிற் காசில்லாதபோது முகங்களைக் காட்டி வாதாடுதல் கூடுமோ? “ஒரு திங்கள் பொறுப்போம்” என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அவ்வொரு திங்களில் நிகழ்ந்ததையே இங்குச் சொல்லப் புகுந்தேன்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் வாயிலாக, ஆற்றல் தணிக்கை செய்யும் பொறியாளர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். இளம்பெண்மணி, பேச்சிற் சிக்கனம் மிக்கவர். ஆற்றல் தணிக்கை என்னும் சொல்லை அன்றுதான் நான் முதன்முதற் கேட்டேன். பணக்கணக்கைத் தணிக்கை செய்வார் வரவையும் செலவையும் ஒத்துப்பார்த்து, எங்கே ஓட்டை என்று காண்பர் அன்றோ? அதுபோலவே ஒரு கட்டடத்திற்குள் மின்சாரமாகவும் எரிவளியாகவும் விறகாகவும் வருகின்ற ஆற்றல் எவ்வளவு, அது எவ்வெவ்வழியிற் செல்கிறது, எவ்வளவு பயன் தருகிறது, எவ்வளவு வீணே கழிகிறது என்று அளந்து அறிதலே ஆற்றல் தணிக்கையாகும். அளந்தறிவதோடு அது நில்லாது. வீணாவதைக் குறைக்கும் வழிகளையும், ஒவ்வொரு வழிக்கும் ஆகும் செலவையும், அதனால் விளையும் மிச்சத்தையும் எழுத்திற் காட்ட வேண்டும். நம் நாட்டில் 2001ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இதனை இவ்வாறே வரையறுக்கிறது. அச்சட்டத்தின்கீழ் 2002ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாளில் எரிசக்தித் திறன் பணியகம் நிறுவப்பெற்றது. பெரிய ஆலைகளுக்கென்று எழுந்த இம்முறை சிறிய கோயிலுக்கும் பொருந்தும் என்பதை நாங்கள் அப்போது அறியோம்.

குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர்க்கு இது பிடிக்கவில்லை. “இறைவன் திருமுன் எரிகின்ற விளக்கிற்குக் கணக்குப் பார்ப்பதா?” என்று சினந்தார். உண்மையைச் சொன்னால், முதலில் என் மனமும் அவர் பக்கமே சாய்ந்தது. ஆயினும் கல்வெட்டுகளைப் படித்துப் பழகிய நினைவு வந்து என்னைத் திருத்தியது.

தஞ்சைப் பெரிய கோயிலை முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டளவிற் கட்டி முடித்தான். அக்கோயிலில் இரவும் பகலும் அணையாது எரியும் நந்தாவிளக்குகளுக்கு அவன் செய்த ஏற்பாடு கல்லில் வெட்டப்பட்டுள்ளது. விளக்கு ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு உழக்கு நெய் வேண்டும். உழக்கு நெய்க்கு 96 ஆடுகள் வேண்டும். ஆடுகள் கிடையாவிடின் 48 பசுக்கள். பசுக்களும் கிடையாவிடின் 16 எருமைகள். நெய்யை எந்த அளவையால் அளத்தல் வேண்டும் என்பதும் குறிக்கப்பட்டுள்ளது; ஆடவல்லான் என்பது அவ்வளவையின் பெயர். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையரின் பெயர்களும், அவர்க்குப் பிணை நின்றோர் பெயர்களுங்கூட விடுபடவில்லை. பேரரசனாயிற்றே, நெய்யைக் குடங்குடமாகக் கொட்டுக என்று அவன் ஆணையிடவில்லை. ஒரு விளக்கு ஒரு நாள் எரிவதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும், அவ்வாற்றலைத் தடையின்றித் தருவதற்கு எத்துணைக் கால்நடை வேண்டும் என்று கணக்கிட்டே அறம் செய்தான். இதனை நான் எடுத்துரைத்தேன். மூத்தவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “கருவறையைத் தொடாமற் பார்க்கட்டும்” என்றார். கருவறையில் எரிவது எண்ணெய் விளக்கே ஆதலின், அங்கே பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை.

பொறியாளர் முதற்கண் கேட்டது பழைய கட்டணச் சீட்டுகளை. இரண்டு திங்களுக்கு ஒன்றாக ஈராண்டிற்குப் பன்னிரண்டு சீட்டுகள் தேடி எடுக்கப்பட்டன. அவற்றின் எண்களை ஒரு தாளில் வரைபடமாக வரைந்தார். மார்கழியில் வைகறை வழிபாடு உண்டு. அப்போது கோடு உயர்ந்தது. அது முறையே. ஆனால் திருவிழா ஏதுமில்லாத ஆனியிலும் புரட்டாசியிலும் கோடு தாழவில்லை. “ஐயா, வேலையில்லாத நாளிலும் ஏதோ ஒன்று இங்கே உண்டுகொண்டிருக்கிறது” என்றார் அவர். பிணியாளனுடைய நாடியைப் பிடித்துப் பார்த்த மருத்துவர் சொல்வதுபோல இருந்தது அது.

அடுத்து, கோயிலில் உள்ள மின்கருவிகள் அனைத்தையும் எண்ணினோம். ஒவ்வொன்றும் எத்தனை வாட் ஆற்றல் உண்பது, நாள்தோறும் எத்தனை மணி நேரம் இயங்குவது என்று எழுதினோம். மாணவர்களே, 1,000 வாட் ஆற்றல் ஒரு மணி நேரம் செலவானால் அது ஒரு யூனிட். 100 வாட் விளக்கு பத்து மணி நேரம் எரிந்தாலும் அதே ஒரு யூனிட்தான். வாட்டையும் மணியையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கத் தெரிந்த எவரும் இக்கணக்கைப் போடலாம். அவ்வாறு போட்டபோது எங்கள் பட்டியலின் கூட்டுத்தொகை கட்டணச் சீட்டோடு ஒத்துவரவில்லை. திங்களுக்கு 270 யூனிட் அளவு இடித்தது.

அவ்விரவு ஒன்பது மணிக்குக் கோயில் திருக்காப்பிட்ட பின்னர் மின்மானியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டோம். விடியற்காலை ஐந்து மணிக்கு நடை திறக்குமுன் மீண்டும் குறித்தோம். இடைப்பட்ட எட்டு மணி நேரத்திற் செலவானது 5 யூனிட். காவலுக்காக இரவு முழுதும் எரிபவை ஐந்து குழல்விளக்குகளே. அவற்றைச் சார்ந்த கருவியையும் சேர்த்து விளக்கு ஒன்று 50 வாட் உண்ணும். ஐந்துக்கு 250 வாட். எட்டு மணி நேரத்திற்கு 2 யூனிட். எஞ்சிய 3 யூனிட் எங்கே போயிற்று?

இரவுக் காவலரை அழைத்துக் கேட்டோம். அவர் வெகு இயல்பாக, “மோட்டார் தானே போட்டுக்கொள்ளும், இரவில் மூன்று தடவை ஓடும், எனக்கு அது பழகிப்போயிற்று” என்றார். மேல்நிலைத் தொட்டியில் நீர் குறைந்தால் தானே இயங்கும்படி மூன்று குதிரைத்திறன் மோட்டார் ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அஃது ஓடும்போது ஏறத்தாழ 3,000 வாட் இழுக்கும். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடமாக மூன்று முறை ஓடினால் ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்திற்கு 3 யூனிட். கணக்கு நேர்ந்துவிட்டது. ஆனால், எவரும் ஒரு துளி நீரும் எடுக்காத நள்ளிரவில் தொட்டி ஏன் குறைய வேண்டும்?

பொறியாளர் தொட்டியினின்று இறங்கும் குழாய் செல்லும் வழியே நடந்தார். மடைப்பள்ளிக்குப் பின்னே, மதிலோரத்தில், ஒரு வாழைக்கன்றின் அருகில் நின்றார். கன்று என்றா சொன்னேன்? கோடையிலும் வாடாது, தாற்றின்மேல் தாறு ஈன்று, மதிலுக்கு மேலே இலை விரித்து நின்ற பெருங்கூட்டம் அது. நந்தவனம் பார்ப்பவர் அதனைத் திருவருள் என்றே எங்களிடம் சொல்லிவந்தார். நாங்களும் தலை வணங்கி, தாற்றைப் பெற்றுக்கொண்டு, பூசைக்கு வைத்தோம். மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. நிலத்தடியில் இருந்த பழைய இரும்புக்குழாய் துருவேறி விரிசல் கண்டிருந்தது. இரவும் பகலும் நீர் அங்கே கசிந்துகொண்டிருந்தது.

எட்டு மணி நேரம் என்பது ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு. இரவில் 3 யூனிட் கசிந்தால் நாள் முழுதும் 9 யூனிட் கசியும், திங்களுக்கு 270. எங்கள் கணக்கில் இடித்த தொகை இதுவே. மின்சாரம் மின்கம்பியிற் கசியவில்லை, நீர்க்குழாயிற் கசிந்தது. மின்கட்டணத்தின் நோய் நீரில் இருக்கும் என்று எவர் எண்ணினார்? குழாய்த்துண்டு ஒன்றை மாற்றுவதற்கு ஒரு நாட் கூலியும் சிறிது பொருளுமே செலவாயின.

பின்னர் விளக்குகளுக்கு வந்தோம். மண்டபங்களிலும் திருச்சுற்றிலும் அறுபது குழல்விளக்குகள் விடியலிலும் மாலையிலுமாக ஐந்து மணி நேரம் எரிந்தன. விளக்கு ஒன்றுக்கு 50 வாட்டாக 3,000 வாட். ஐந்து மணி நேரத்திற்கு 15 யூனிட். அதே ஒளியை எல்.இ.டி. விளக்கு 20 வாட்டில் தரும். அப்போது நாட்செலவு 6 யூனிட்டாகக் குறையும். மிச்சம் 9 யூனிட், திங்களுக்கு 270. அறுபது விளக்குகளை மாற்றினாற் கிடைக்கும் மிச்சமும் ஓர் ஓட்டைக் குழாயை அடைத்தாற் கிடைக்கும் மிச்சமும் ஒன்றாயிருத்தலைக் கண்டு நான் வியந்தேன். விளக்கை மாற்றுவது கண்ணுக்குத் தெரியும். திறப்பு விழாவும் நடத்தலாம். குழாயை அடைப்பது எவர் கண்ணுக்கும் தெரியாது.

விளக்குகளின் வேறுபாட்டிற்குக் காரணம் யாது? பழைய இழைவிளக்கு, உலோக இழையைப் பழுக்கக் காய்ச்சி ஒளி தருவது. அது பெறும் ஆற்றலிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே போய்விடும். விளக்கு என்பதைவிட அடுப்பு என்பதே அதற்குத் தகும். குழல்விளக்கு அதனினும் மேம்பட்டது. எல்.இ.டி. விளக்கிலோ குறைக்கடத்தி என்னும் பொருளின் ஊடே மின்னோட்டம் செல்லும்போதே ஒளி பிறக்கிறது. ஆதலின் வெப்பமாக வீணாவது குறைவு. பழைய ஓவியங்கள் உள்ள வழிபாட்டிடங்களுக்கு இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. உரோமை வாத்திகனில் மைக்கேலாஞ்சலோ தீட்டிய ஓவியங்கள் நிறைந்த சிசுட்டைன் சிற்றாலயத்தில், 2014ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7,000 எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்பட்டன. ஓவியங்களுக்கு வெப்பத்தாலும் கடுங்கதிராலும் ஊறு நேராவண்ணம் ஒளியூட்டுவதே அங்குத் தலையாய நோக்கம். மின்சிக்கனம் அதன் உடன்விளைவு.

மின்விசிறிகளைப் பற்றிப் பொறியாளர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. பழைய விசிறி 75 வாட் உண்பது; புதுவகை விசிறி 30 வாட் போதும் என்பது. உடனே அனைத்தையும் மாற்றிவிடலாம் என்றார் கணக்கர். “வேண்டா” என்றார் பொறியாளர். நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் சுழலும் விசிறியை மாற்றினால் ஆண்டுக்கு 197 யூனிட் மிச்சமாகும். ஆண்டிற் பத்து நாள் மட்டும் சுழலும் விசிறியை மாற்றினால் மிச்சமாவது 5 யூனிட்டே. இரண்டிற்கும் விலை ஒன்று. போட்ட முதல் மிச்சத்தின் வாயிலாகத் திரும்பிவர எத்தனை ஆண்டு ஆகும் என்பதைக் கண்டு, விரைவிற் திரும்புவதை முதலிலும் காலந்தாழ்த்துத் திரும்புவதைக் கடையிலும் செய்தல் வேண்டும். ஒரு விசிறி தானே பழுதாகும்வரை காத்திருந்து மாற்றுவதும் சில இடங்களில் அறிவுடைமையே என்று விளக்கினார்.

மடைப்பள்ளியில் அவர் நெடுநேரம் நின்றார். உலை கொதித்த பின்னும் அடுப்பு முழுவீச்சில் எரிந்தது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை வெப்பத்திற் கொதிக்கத் தொடங்கிவிட்டால், தீயை எவ்வளவு பெருக்கினாலும் அதன் வெப்பம் ஏறாது, நீர் விரைந்து ஆவியாகும், அவ்வளவே. அரிசி வேகும் நேரம் குறையாது. ஆகவே கொதி கண்டதும் தீயைத் தணித்து மூடியிட்டு வைத்தால் எரிவளி மிச்சமாகும். “இதை என் பாட்டியும் சொல்வாள்” என்றார் மடைப்பள்ளியர். பாட்டி சொன்னதைச் செய்யாமல் விட்டது ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆயிரக்கணக்கானோர்க்கு அமுதூட்டும் பெருங்கோயில்களில் அடுப்பே பெருஞ்செலவு. திருமலையில் 2002ஆம் ஆண்டில் ஞாயிற்றின் கதிரைக் கொண்டு சமைக்கும் ஏற்பாடு அமைக்கப்பட்டது. கிண்ண வடிவான 106 கண்ணாடித் தட்டுகள் கதிரவனை நோக்கித் திரும்பித் திரும்பிக் கதிர்களை ஒரு புள்ளியிற் குவித்தன. அங்கே நீர் கொதித்து நீராவியாகிக் குழாய் வழியே சமையற்கூடத்திற்குச் சென்றது. நாளொன்றுக்குப் பதினையாயிரம் பேருக்குச் சமைக்கும் அளவில் அது அமைந்தது. 2009ஆம் ஆண்டில் சீரடியிலும் 73 தட்டுகளைக் கொண்ட அத்தகைய அமைப்பு எழுந்தது.

இனிக் குளிர்நாடுகளைச் சிறிது நோக்குவோம். நமக்கு வெயில் இடர்; அவர்களுக்குக் குளிர் இடர். இங்கிலாந்துத் திருச்சபைக்கு ஏறத்தாழ 16,000 ஆலயக் கட்டடங்கள் உண்டு. அவற்றுட் பல நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பழமையானவை. சுவர் தடித்த கல், கூரையோ வானளாவியது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேர வழிபாட்டிற்காக முந்தின இரவிலிருந்தே கொதிகலனை மூட்டுவர். சூடான காற்று இலேசானது. அது மேலெழுந்து கூரையின்கீழ்த் தங்கும். கீழே அமர்ந்திருக்கும் முதியோர் போர்வைக்குள் நடுங்குவர். மூட்டிய தீயின் பயனைப் பெறுவோர் கூரையில் வாழும் வௌவால்களே என்று கூறின் மிகையாகாது. அங்கெல்லாம் தணிக்கை செய்வோர் சொல்வது, கட்டடத்தைச் சூடாக்காது மனிதரைச் சூடாக்குக என்பதே. அமரும் இருக்கையின் அடியிற் சிறு மின்வெப்பிகளைப் பொருத்தினால், வழிபாட்டிற்குச் சிறிது முன்னர் அவற்றை இயக்கினாற் போதும்.

ஆயினும் பழங்கட்டடத்திற் கைவைப்போர்க்கு அச்சமும் வேண்டும். காற்றுப் புகும் இடுக்குகளையெல்லாம் அடைத்துவிட்டால், சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய சுவரின் ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சை படரும். கல்லும் மரமும் கெடும். திடுமென வெப்பத்தை ஏற்றினால் இசைப்பேழையின் மரப்பகுதிகள் சுருங்கி வெடிக்கும். சிக்கனம் என்னும் பெயரால் நூற்றாண்டுகள் நின்ற பொருளை அழித்துவிடலாகாது. இத்துணைத் தடைகள் இருந்தும், 2030ஆம் ஆண்டிற்குள் கரிவளி வெளியீட்டை நிகர அளவில் இல்லாமற் செய்யவேண்டும் என்று அத்திருச்சபையின் பொதுமன்றம் 2020ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் உறுதி பூண்டது.

பாத்து நகரத்துப் பேராலயத்தின் செய்தி சுவையானது. அந்நகரின் வெந்நீரூற்றிலிருந்து நாள்தோறும் பத்து இலட்சம் லிட்டருக்கும் மேலாக, ஏறத்தாழ 46 பாகை வெப்பமுள்ள நீர் பொங்குகிறது. உரோமர் அதைக் கொண்டு நீராடுதுறை கட்டினர். நீராடுதுறையைக் கடந்த வெந்நீர் உரோமர் கட்டிய வடிகால் வழியே ஆற்றிற் சென்று வீணாகக் கலந்தது. அவ்வடிகாலில் வெப்பத்தை வாங்கும் கருவிகளை இறக்கி, பேராலயத்தின் தரைக்கடியிற் குழாய் ஓட்டி, வழிபடுவோர் காலடியை வெதுவெதுப்பாக்கினர் இக்காலத்தார். பேராலயத்தின் அருகிலேயே நூற்றாண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த செல்வம் அது. அளந்து பார்க்க ஆள்வர வேண்டியிருந்தது.

இசுலாமியப் பள்ளிவாசல்களில் தணிக்கையாளர் முதலிற் காண்பது ஒளுச் செய்யும் இடத்தை. ஐந்து வேளைத் தொழுகைக்கும் கைகால் முகம் கழுவுதல் வேண்டும். குழாய் பெருகி ஓடினால் நீரும் போகும். நீரை ஏற்றிய மின்சாரமும் உடன் போகும். இந்தோனேசியாவின் தலைநகரான சாகர்த்தாவில் 1978ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இசுதிக்லால் பள்ளிவாசல், அந்நாட்டின் பெரும்பள்ளி. அதனை வரைந்த சிற்பியார் சிலபான் என்பவர் கிறித்தவர் என்பது பலர்க்கும் தெரியாத செய்தி. அப்பள்ளியைப் புதுப்பித்தபோது நீரளவைக் குறைக்கும் குழாய்களைப் பொருத்தினர், நீரைத் தூய்மைசெய்து மீளப் பயன்படுத்தினர், விளக்குகளை மாற்றினர், கூரையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட ஞாயிற்றொளித் தகடுகளை அமைத்தனர். 2022ஆம் ஆண்டில் எட்சு என்னும் பன்னாட்டுப் பசுமைக்கட்டடச் சான்று அதற்குக் கிடைத்தது. வழிபாட்டிடம் ஒன்று அச்சான்றைப் பெற்றது உலகில் அதுவே முதன்முறை. மொராக்கோ நாடும் 600 பள்ளிவாசல்களை இவ்வாறு திருத்தியமைக்க 2016ஆம் ஆண்டளவில் திட்டம் வகுத்தது.

குளிரூட்டிகள் வைத்துள்ள ஆலயங்களும் அரங்குகளும் நம் நகரங்களிற் பெருகியுள்ளன. அவற்றிற்கு ஒரு சொல் போதும்: வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தி வைத்தால் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் பணியகம் அறிவித்துள்ளது.

கூரையில் ஞாயிற்றொளித் தகடு பதிப்பது பற்றி எங்கள் குழுவிலும் பேச்செழுந்தது. வாத்திகனில் 2008ஆம் ஆண்டிற் பேரவை மண்டபத்தின் கூரையில் ஏறத்தாழ 2,400 தகடுகள் பதிக்கப்பட்டன. குளோசுட்டர் நகரத்துப் பழம்பேராலயத்தின் கூரையிலும் 2016ஆம் ஆண்டில் 150 தகடுகள் ஏறின. நாமும் செய்தால் என்ன என்று சிலர் ஆவலுற்றனர். பொறியாளர் மறுக்கவில்லை; வரிசையை மட்டும் மாற்றினார். “ஓட்டைப் பானையில் ஊற்றப் புதுக்கிணறு வெட்டுவானேன்? முதலில் ஓட்டையை அடையுங்கள். பின்பு பானையைச் சிறிதாக்குங்கள். அதன்பின் எவ்வளவு தேவை என்று தெரியும். அத்தேவைக்கேற்பத் தகடு பதிக்கலாம். அதுவும் விமானத்தின்மேலும் மண்டபத்தின்மேலும் வேண்டா, அலுவலகக் கூரையே போதும்” என்றார். கேட்டவுடன் மூத்த உறுப்பினர் முகம் மலர்ந்தது.

குழாயைக் கார்த்திகைக்குள் மாற்றினோம். விளக்குகளுக்கு வேண்டிய பொருளை ஊரார் சிறுகச் சிறுகக் கொடுத்தனர். ஒருவர் ஒரு விளக்கு, ஒருவர் இரண்டு விளக்கு என்று அறுபதும் தைப்பூசத்திற்குள் நிறைந்தன. விளக்கின்மேல் உபயகாரர் பெயரை எழுதி ஒளியை மறைத்தல் கூடாது என்று நான் மன்றாடினேன். பெயர்களைத் தனிப் பலகையில் எழுதி வைத்தோம். பங்குனியில் வந்த சீட்டைக் கணக்கர் இருமுறை படித்தார். திங்களுக்கு 660 யூனிட்டிற்கும் கீழே இறங்கியிருந்தது. மண்டபத்து விளக்கை ஆறரை மணிக்கு அணைக்கும் பேச்சு அதன்பின் எழவில்லை.

இப்போது ஒவ்வொரு திங்களும் முதல் நாள் மாலையில், மண்டபத்திற் படிக்கும் பிள்ளைகளுள் ஒருவர் முறைவைத்து மின்மானியைப் பார்த்து எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுகின்றனர். எழுதியதோடு நில்லாது, சென்ற திங்களின் எண்ணைக் கழித்து, எவ்வளவு கூடிற்று, எவ்வளவு குறைந்தது, ஏன் என்றும் ஒரு வரி எழுதுகின்றனர். அவ்வொரு வரியிற் சந்திப்பிழை இருந்தால் நான் திருத்துவேன். நந்தவனம் பார்ப்பவர்க்கு மட்டும் எங்கள்மேல் சிறு வருத்தம் உண்டு. குழாயை அடைத்தபின் மதிலோரத்து வாழை இலை துவண்டுவிட்டது; அதற்கு நாள்தோறும் இரண்டு குடம் நீர் சுமந்து ஊற்றவேண்டியிருக்கிறது.